கை மாறிப் போகும் செய்தி

1. இரண்டு போன், ஒரு டவர்

மைசூருவில் ஒரு தெரு. தெருவின் இந்த முனையில் ஓர் அம்மா இருக்கிறார். அந்த முனையில் அவருடைய மகள் இருக்கிறாள். இருவர் கையிலும் செல்போன் உண்டு. அம்மா கூப்பிடுகிறார். மகள் பேசுகிறாள்.

அம்மாவின் குரல் நேராக மகளின் போனுக்குப் போகிறதா?

இல்லை. குரல் முதலில் டவருக்குப் போகிறது. டவரிலிருந்து கம்பெனியின் நிலையத்துக்குப் போகிறது. நிலையம் மகள் எங்கே இருக்கிறாள் என்று பார்க்கிறது. பிறகு அவளுக்குப் பக்கத்தில் உள்ள டவருக்கு அனுப்புகிறது. அந்த டவர்தான் மகளின் போனுக்குக் குரலைக் கொடுக்கிறது. இரண்டு பேரும் ஒரே தெருவில் இருந்தாலும் இதுதான் வழி.

டவர் விழுந்துவிட்டால்? மின்சாரம் நின்று, டவரின் பேட்டரியும் தீர்ந்துவிட்டால்? அப்போது பக்கத்து வீட்டுக்குக்கூடப் போன் போகாது.

2018-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இப்படி நடந்தது. மைசூரு மாவட்டத்துக்கு அடுத்தது குடகு மாவட்டம். அங்கே பெருமழை பெய்தது. மலைகள் சரிந்தன. சாலைகள் அறுந்தன. பல ஊர்களில் மின்சாரம் நின்றது. போனும் நின்றது. "நாங்கள் உயிரோடு இருக்கிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் மக்கள் தவித்தார்கள்.

டவர் இல்லாமல் செய்தி போக வழி உண்டா? உண்டு. அந்த வழி எதனால் ஓடுகிறது, எதனால் அறுந்துபோகிறது? இந்தப் பாடம் அதைப் பற்றியது.

2. ஒரு வாய், பல காதுகள்

கம்பி இல்லாமல் செய்தி அனுப்புவது மைசூருவுக்குப் புதிது அல்ல. கோபாலசாமி என்ற பேராசிரியர் இங்கே இருந்தார். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் மனநூல் கற்பித்தவர். 1935-ஆம் ஆண்டு தம் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையம் தொடங்கினார். தொடக்கத்தில் அதன் கருவிக்கு 30 வாட் சக்திதான். ஒரு சின்ன பல்புக்கு வேண்டிய சக்தி அது. நிலையத்துக்கு 'ஆகாசவாணி' என்று பெயர் வைத்தார்கள். பின்னால், 1950-களில், இந்திய வானொலி முழுவதற்கும் அந்தப் பெயர் வந்தது.

வானொலியில் ஒரு நிலையம் பேசும். ஊர் கேட்கும். கேட்பவர் யாரும் அதை அடுத்தவருக்கு அனுப்ப வேண்டியதில்லை. செல்போன் டவரும் ஓரளவு இப்படித்தான். நடுவில் ஒரு பெரிய நிலையம் இருக்கும். சுற்றிலும் நாம் இருப்போம். நடுவில் இருப்பது நின்றால் எல்லாமே நின்றுவிடும்.

3. நடுவில் யாரும் இல்லாத வலை

வீடு கட்டும் இடத்தில் செங்கல் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். முதல் ஆள் அடுத்த ஆளிடம் கொடுப்பார். அவர் அடுத்தவரிடம் கொடுப்பார். யாரும் நடப்பதில்லை. ஆனால் செங்கல் மேலே போய்விடும்.

செய்தியும் இப்படிப் போகலாம். ஒரு போனுக்கு டவர் வேண்டாமலே கொஞ்ச தூரம் பேசும் சக்தி உண்டு. புளூடூத், வைஃபை என்று சொல்கிறோமே, அவைதான். சில பத்து மீட்டர் எட்டும். அந்த எல்லைக்குள் இன்னொரு போன் இருந்தால் செய்தியை அதனிடம் கொடுக்கலாம். அது அடுத்த போனிடம் கொடுக்கும். இப்படிக் கை மாறிக் கை மாறி வெகு தூரம் போகலாம்.

இந்த வலையில் தலைவர் இல்லை. நிலையம் இல்லை. ஒவ்வொரு போனும் ஒரு தபால்காரர். நாம் இதைக் 'கைமாற்று வலை' என்று சொல்வோம். கைமாற்றுக் கடன் நமக்குத் தெரியும். இன்று நான் உனக்குக் கொடுக்கிறேன். நாளை நீ எனக்குக் கொடு. பத்திரம் இல்லை. சாட்சி இல்லை. நம்பிக்கைதான் உண்டு. இந்த வலையும் அப்படித்தான்.

இது வெறும் கனவு அல்ல. 1970-களிலேயே அமெரிக்காவில் இராணுவத்துக்காக இப்படிப்பட்ட வானொலி வலையைச் செய்து பார்த்தார்கள். 2014-ஆம் ஆண்டு ஹாங்காங் நகரில் பெரிய போராட்டம் நடந்தது. அப்போது கூட்டத்தில் இருந்தவர்கள் போனிலிருந்து போனுக்குச் செய்தி தாவும் ஒரு செயலியைப் பயன்படுத்தினார்கள்.

இராணுவத்தில் எல்லாக் கருவியும் ஒருவருக்குச் சொந்தம். மேலதிகாரி சொன்னால் எல்லாம் வேலை செய்யும். பொதுமக்கள் கையில் அப்படி இல்லை. போன் என்னுடையது. சார்ஜும் என்னுடையது. அடுத்தவர் செய்தியை நான் ஏன் சுமக்க வேண்டும்?

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

4. "என் சார்ஜ் எதுக்கு?"

ஒரு கற்பனை செய்வோம். மைசூரு தசரா. ஜம்பு சவாரி நாள். அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை சுமார் 5 கிலோமீட்டர். வழியெல்லாம் கூட்டம். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் போன் செய்கிறார்கள். டவர் திணறுகிறது. யாருக்கும் போன் கிடைக்கவில்லை.

கூட்டத்தில் ஒரு குழந்தை காணாமல் போகிறது. தாய் தன் போனில் எழுதுகிறாள்: "4 வயதுப் பெண் குழந்தை. பச்சைப் பாவாடை. கண்டவர்கள் பன்னிமண்டபம் வாசலுக்குக் கூட்டி வாருங்கள்." செய்தி கை மாறிப் போகத் தொடங்குகிறது.

தேவராஜா மார்க்கெட் எதிரே, சயாஜி ராவ் சாலையில், பூ விற்கும் ஓர் அம்மா. அவருடைய போன் கேட்கிறது: "அடுத்தவர் செய்தியை அனுப்பலாமா?" அவர் 'வேண்டாம்' என்று அழுத்துகிறார். பக்கத்தில் சுண்டல் விற்கும் இளைஞர் அதைப் பார்க்கிறார்.

"ஏன் அக்கா, வேண்டாம்னு அழுத்திட்டீங்க?"

"சார்ஜ் கொஞ்சம்தான் இருக்கு தம்பி. ராத்திரி வீட்டுக்குப் போகப் பையனைக் கூப்பிடணும். யார் செய்தியோ. அதுக்கு என் சார்ஜ் எதுக்கு?"

"சரிதான் அக்கா. ஆனா டவர் இல்லாதப்போ, நீங்க பையனுக்கு அனுப்புற செய்தி யார் போன் வழியா போகும்? என் போன் வழியாத்தான். நானும் வேண்டாம்னு அழுத்தினா?"

அந்த அம்மா யோசிக்கிறார்.

பூக்கார அம்மா கெட்டவர் அல்ல. அவர் சொன்னது உண்மைதான். செய்தியை வாங்கவும் அனுப்பவும் பேட்டரி செலவாகும். ஒருவர் மட்டும் மறுத்தால் அவருக்கு லாபம்தான். ஆனால் எல்லோரும் அப்படி நினைத்தால் யாருக்கும் வலை இல்லை. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். 'நான் ஒருவன் வடத்தை விட்டால் என்ன?' என்று ஒவ்வொருவரும் நினைத்தால் தேர் நிலையிலேயே நிற்கும்.

5. எத்தனை பேர் மறுத்தால் வலை அறும்?

இதற்குக் கணக்கு உண்டு. மூன்று இடங்களைப் பார்ப்போம்.

முதல் இடம், வரிசை. ஒரு போன் 50 மீட்டர் எட்டும் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது மீட்டருக்கு ஒருவராக ஒரே வரிசையில் நிற்கிறார்கள். 5 கிலோமீட்டர் என்பது 5000 மீட்டர். 5000-ஐ 50-ஆல் வகுத்தால் 100. செய்தி 100 முறை தாவ வேண்டும். இரண்டு முனைக்கும் நடுவில் 99 பேர் இருப்பார்கள். 98 பேர் நல்லவர்கள், ஒருவர் மட்டும் மறுக்கிறார் என்றால் என்ன ஆகும்? செய்தி அங்கேயே நின்றுவிடும். வரிசையில் ஒருவர் போதும், அறுப்பதற்கு.

இரண்டாம் இடம், மைதானம். மக்கள் வரிசையில் இல்லை. அங்கும் இங்கும் நிற்கிறார்கள். ஒருவர் மறுத்தால் செய்தி அவரைச் சுற்றிக்கொண்டு போகும். வழி பல உண்டு.

அப்படியானால் ஒருவர் போனுக்கு எட்டும் தூரத்தில் எத்தனை பேர் இருந்தால் போதும்? அறிவியலாளர்கள் இதைக் கணக்கிட்டிருக்கிறார்கள். சராசரியாக நாலரைப் பேர். அதற்குக் குறைந்தால் கூட்டம் சின்னச் சின்னத் தீவுகளாகப் பிரிந்துவிடும். ஒரு தீவின் செய்தி அடுத்த தீவுக்குப் போகாது. அதற்கு மேல் இருந்தால் ஒரு பெரிய வலை பிறக்கும். மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் செய்தி போகும். ஒருவர்கூட விடுபடாமல் எல்லோரும் சேர வேண்டுமென்றால் இன்னும் பலர் வேண்டும்.

இப்போது மறுப்பவர்களையும் சேர்ப்போம்.

2 பேரில் ஒருவர் மறுத்தால் பக்கத்தில் 9 பேர் வேண்டும். ஏனென்றால் 9-ல் பாதிதான் நாலரை.

3 பேரில் 2 பேர் மறுத்தால் பக்கத்தில் 13 அல்லது 14 பேர் வேண்டும்.

அதாவது, மறுப்பவர் கணக்கில் சேர மாட்டார். அவர் நிற்பார். ஆனால் வலைக்கு அவர் இல்லாதவர்தான்.

இன்னொரு விஷயமும் உண்டு. இந்த வலை கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுவதில்லை. கயிற்றுக் கட்டிலை நினைத்துப் பாருங்கள். ஒரு கயிறு அறுந்தால் தெரியாது. இரண்டு அறுந்தாலும் படுக்கலாம். ஓர் அளவைத் தாண்டியதும் ஆள் பொத்தென்று விழுவார். வலையும் அப்படித்தான். ஓர் அளவு வரை மறுப்பவர்களைத் தாங்கும். அந்த அளவு தாண்டினால் சட்டென்று துண்டு துண்டாகிவிடும்.

மூன்றாம் இடம், பாலம். மைசூருவுக்குப் பக்கத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் இருக்கிறது. காவிரி நடுவே உள்ள தீவு அது. கரையில் ஆயிரம் பேர் நிற்கிறார்கள். தீவிலும் ஆயிரம் பேர் நிற்கிறார்கள். நடுவில் பாலத்தின் மேல் ஒரே ஒருவர் நிற்கிறார். இரண்டு பக்கமும் அவருக்கு மட்டுமே எட்டும். அவர் மறுத்தால் ஆயிரம் பேரும் அந்த ஆயிரம் பேரும் பிரிந்துவிடுவார்கள். கூட்டத்தில் நூறு பேர் மறுப்பதைவிடப் பாலத்தில் ஒருவர் மறுப்பது பெரிய கேடு. ஆகவே எத்தனை பேர் மறுக்கிறார்கள் என்று பார்த்தால் மட்டும் போதாது. எங்கே நிற்பவர் மறுக்கிறார் என்றும் பார்க்க வேண்டும்.

6. விளையாடிப் பாருங்கள்

படிப்பு மையத்தில் 20 பேர் சேருங்கள். முற்றத்தில் அங்கும் இங்கும் நில்லுங்கள். கை நீட்டினால் எட்டும் ஆளிடம் மட்டுமே சீட்டைக் கொடுக்கலாம். நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது.

ஒரு பையில் 20 விதை போடுங்கள். 18 மொச்சை, 2 புளியங்கொட்டை. ஆளுக்கு ஒன்று எடுத்து மூடிய கையில் வைத்துக்கொள்ளுங்கள். மொச்சை எடுத்தவர் சீட்டைக் கொடுப்பார். புளியங்கொட்டை எடுத்தவர் சீட்டை வாங்க மாட்டார். ஒருவர் சீட்டில் ஒரு வரி எழுதி அனுப்பட்டும். எதிர் முனையில் இருப்பவர் அதைப் படிக்கட்டும்.

பிறகு புளியங்கொட்டையை 5 ஆக்குங்கள். அடுத்து 10 ஆக்குங்கள். எப்போது சீட்டு நின்றது? நெருங்கி நின்றால் என்ன ஆகிறது? தள்ளி நின்றால் என்ன ஆகிறது? சொல்லுங்கள்.

7. மறுப்பவரை என்ன செய்வது?

இதற்கு அறிஞர்கள் பல வழி சொன்னார்கள்.

முதல் வழி, காவல். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நால்வர் இதைச் சொன்னார்கள். நான் உங்களிடம் ஒரு செய்தி கொடுக்கிறேன். உடனே போய்விடாமல் காது கொடுத்துக் கேட்கிறேன். கம்பியில்லாச் செய்தி எல்லாத் திசையிலும் போகும். நீங்கள் அடுத்தவருக்கு அனுப்பினால் எனக்கும் கேட்கும். கேட்கவில்லை என்றால் கணக்கில் குறித்துக்கொள்கிறேன். பல முறை இப்படி நடந்தால் அடுத்த செய்தியை உங்கள் வழியாக அனுப்ப மாட்டேன்.

கணினியில் இதைச் சோதித்தார்கள். 10 பேரில் 4 பேர் சரியாக நடக்காத வலை அது. காவல் வைத்ததும் போய்ச் சேர்ந்த செய்தி 17 சதவீதம் கூடியது. நல்ல பலன்தான்.

ஆனால் இதில் ஒரு குறை உண்டு. மறுப்பவரை விட்டு விலகிப் போனோம். அவருக்கு என்ன நட்டம்? ஒன்றும் இல்லை. அவருக்கு வேலை மிச்சம், சார்ஜ் மிச்சம். அவருடைய செய்தியை மட்டும் மற்றவர்கள் சுமக்கிறார்கள். உழைப்பவருக்குப் பாரம் கூடுகிறது.

இரண்டாம் வழி, கணக்கு நோட்டு. ஸ்விட்சர்லாந்து நாட்டின் லொசான் நகரில் இருந்த அறிஞர்கள் இதைச் சொன்னார்கள். நம் வீட்டு மொய் நோட்டுப் போன்றது இது. அடுத்தவர் செய்தியைச் சுமந்தால் உங்கள் கணக்கில் வரவு. உங்கள் செய்தியை அனுப்பினால் செலவு. வரவு இல்லாதவர் செய்தி அனுப்ப முடியாது. அப்போது யாரும் சும்மா இருக்க மாட்டார்கள்.

இதிலும் ஒரு குறை உண்டு. ஊர்க் கோடியில் ஒரு வீடு இருக்கிறது. அதற்கு அப்பால் யாரும் இல்லை. அந்த வீட்டு வழியாக யார் செய்தியும் போகாது. அவர் சுமக்கத் தயார். சுமக்கத்தான் ஒன்றும் வருவதில்லை. ஆகவே அவருக்கு வரவே இல்லை. நடு ஊரில் இருப்பவருக்கு வரவு குவிகிறது. கோடியில் இருப்பவர் ஏழையாகிறார். வெள்ளம் வந்தால் முதலில் உதவி கேட்க வேண்டியவர் அவராகவே இருக்கலாம்.

மூன்றாம் வழி, விலக்கு. மறுப்பவர் யார் என்று வலை முழுக்கச் சொல்லிவிடுவது. அவர் செய்தியை யாரும் சுமக்காமல் இருப்பது. இதில்தான் மிகுந்த கவனம் வேண்டும்.

8. மாட்டேன் என்பவரும் முடியாதவரும்

ஒருவர் செய்தியை அனுப்பவில்லை. காரணம் என்ன?

அவர் வேண்டுமென்றே மறுத்திருக்கலாம்.

அவர் பேட்டரி தீர்ந்திருக்கலாம்.

அவர் நடந்து வேறு பக்கம் போயிருக்கலாம்.

அவர் அனுப்பியும் இருக்கலாம். அதே நேரத்தில் வேறொரு போன் பேசியதால், காவல் இருந்தவர் காதில் விழாமல் போயிருக்கலாம். சந்தைக் கூச்சலில் பக்கத்தில் பேசுவது கேட்காது அல்லவா? அதுபோல.

வெளியே இருந்து பார்த்தால் இந்த நால்வரும் ஒன்றுபோலவே தெரிவார்கள். ஒரு முறை பார்த்துவிட்டு 'இவர் மறுப்பவர்' என்று முத்திரை குத்தினால் குற்றமில்லாதவரை விலக்கிவிடுவோம். இன்னும் மோசமாக, ஒருவர் மீது பொறாமை கொண்ட வேறொருவர் பொய்ப் புகாரும் சொல்லலாம்.

அதுமட்டும் அல்ல. தவறாக ஒருவரை விலக்கினால் வலைக்கும் நட்டம். செய்தியைச் சுமக்கும் ஆளில் ஒருவர் குறைந்துவிட்டார். நாலரை என்ற கணக்கை நினைவில் கொள்ளுங்கள். மறுப்பவர்களாலும் வலை அறும். தப்பாக விலக்குவதாலும் வலை அறும்.

ஆகவே நல்ல வலைக்கு நான்கு பழக்கம் வேண்டும். பல முறை பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். தவறியவர் திரும்பி வர வழி விட வேண்டும். பேட்டரி குறைந்தவருக்குக் குறைந்த சுமை தர வேண்டும். ஒரே ஒருவரைப் பாலமாக நம்பியிருக்கக் கூடாது, இரண்டாவது ஆள் வேண்டும்.

9. கூலி கேட்காத குரல்கள்

கட்டளையும் இல்லை, கூலியும் இல்லை என்றால் மனிதர்கள் செய்தியைச் சுமப்பார்களா? சுமந்திருக்கிறார்கள்.

'ஹாம்' என்று ஒரு வானொலிப் பழக்கம் உண்டு. அரசு நடத்தும் தேர்வு எழுதி, உரிமம் பெற்று, சொந்த வானொலிக் கருவியில் பேசுபவர்கள் இவர்கள். டவர் வேண்டாம். காசுக்காகச் செய்யக் கூடாது என்பது விதி. 12 வயது ஆனவர் தேர்வு எழுதலாம். மைசூருவிலும் ஹாம் வானொலிக்காரர்கள் இருக்கிறார்கள்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். பாரதி பிரசாத் என்ற பெண்மணி ஒரு குழுவுடன் அந்தமானின் போர்ட் பிளேருக்குப் போயிருந்தார். தீவிலிருந்து உலகத்தில் உள்ள மற்ற ஹாம்களுடன் பேசுவதுதான் நோக்கம். டிசம்பர் 26-ஆம் நாள் காலை நிலம் நடுங்கியது. பிறகு கடல் பொங்கியது. தீவுகளில் தொலைபேசி அறுந்தது. பாரதி பிரசாத்தின் குழு வானொலிக் கருவியைத் திறந்து நிலப்பகுதிக்குச் செய்தி சொன்னது. நிலப்பகுதியில் இருந்த ஹாம்கள் கேட்டார்கள். கேட்டதோடு நிற்கவில்லை. அடுத்தவருக்குச் சொன்னார்கள். "என் மகன் அங்கே இருக்கிறான், நலமா?" என்று கேட்ட குடும்பங்களுக்கு இந்த வழியாகவே பதில் வந்தது.

அந்த வலையை யாரும் விரட்டவில்லை. யாருக்கும் வரவு வைக்கவில்லை. இன்னொருவர் செய்தியை வாங்கினால் கொண்டு சேர்க்க வேண்டும் என்பது அவர்களுடைய பழக்கம். பேரிடர் வந்த பிறகு அந்தப் பழக்கத்தைக் கற்க முடியாது. முன்பே இருக்க வேண்டும்.

கலந்து பேசுங்கள்

1. பூக்கார அம்மா 'வேண்டாம்' என்று அழுத்தியது சரியா? அவர் சார்ஜும் தீராமல், செய்தியும் நிற்காமல் இருக்க என்ன செய்யலாம்?

2. உங்கள் தெருவில் 'பாலத்தில் நிற்பவர்' யார்? அவர் ஊரில் இல்லாத நாளில் செய்தி எப்படிப் போகும்?

3. ஊர்க் கோடியில் உள்ள வீட்டுக்கு மொய் நோட்டு முறை நியாயமா?

கணக்குப் போடுங்கள்

1. ஒரு போன் 40 மீட்டர் எட்டும். 2000 மீட்டர் போகச் செய்தி எத்தனை முறை தாவ வேண்டும்?

2. 4 பேரில் 3 பேர் மறுக்கிறார்கள். சுமப்பவர் நாலரைப் பேர் வேண்டுமானால் பக்கத்தில் மொத்தம் எத்தனை பேர் வேண்டும்?

(விடை: 50 முறை, 18 பேர்.)

சொல்லும் பொருளும்

வலை – ஒன்றோடு ஒன்று தொடர்பு கொண்ட பல கருவிகள்
மனநூல் – மனதைப் பற்றிய படிப்பு
உரிமம் – அரசு தரும் அனுமதிச் சீட்டு, லைசென்ஸ்
பேரிடர் – வெள்ளம், நிலநடுக்கம் போன்ற பெரிய ஆபத்து
சராசரி – கூட்டி வகுத்தால் ஆளுக்கு வரும் அளவு